கணக்கில் வராத துப்பாக்கியை என்ன செய்வது?

தேர்தல் தேதி அறிவித்த சில நாட்களுக்குள் ஈரோடு, நாமக்கல், கோயம்புத்தூர் பக்கம் காவல் நிலையங்களுக்குத் துப்பாக்கிகள் வந்து சேர ஆரம்பிக்கும். பழைய தோட்டத்துக்காரர், ஓய்வுபெற்ற ராணுவக்காரர், அப்பா காலத்து லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றி வைத்திருக்கும் மில் முதலாளி என்று ஒவ்வொருவராக, உறையில் போட்ட டபுள் பேரலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். எழுத்தர் லைசென்ஸ் புத்தகத்தை வாங்கி, குழலில் பொறித்த எண்ணைப் படித்துச் சரிபார்த்து, ஒரு அட்டையில் பெயர் எழுதிக் கட்டி, ரசீது கொடுத்து உள்ளே வைப்பார். வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வங்கிக் காவலாளிக்கும் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறவர்களுக்கும் விலக்கு உண்டு, அதைப் பார்க்க மாவட்ட அளவில் ஒரு குழுவும் உண்டு. எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதே வாரம் பர்கூர் மலையிலோ கொல்லிமலையிலோ ஒரு வீட்டுக் கூரையில் செருகி வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கி இருந்த இடத்திலேயே இருக்கும். அப்படி ஒன்று இருப்பது எந்த ஏட்டிலும் இல்லையே, யார் போய்க் கேட்பது?

துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "சட்டத்தை இன்னும் கடுமையாக்கணும்" என்பதில்தான் போய் முடிகிறது. நம் நாட்டுச் சட்டம் ஏற்கெனவே கடுமையானதுதான். 1878-இல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் இந்தியர் கையில் ஆயுதம் இருக்கக் கூடாது என்று போட்ட சட்டத்தை எடுத்துவிட்டு, 1959-இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1962-இல் அது நடைமுறைக்கு வந்தது. 2016-இல் விதிகளைப் புதிதாக எழுதினார்கள். 2019 திருத்தத்தில் ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, திருட்டுத்தனமாகத் தயாரித்தாலோ விற்றாலோ குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரைகூடப் போகலாம். கல்யாணத்தில் கொண்டாட்டமாக வானத்தைப் பார்த்துச் சுட்டால்கூட 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஏட்டில் இதற்கு மேல் என்ன எழுத முடியும்? பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. தானாக முன்வந்து மனுக் கொடுப்பவரைத்தான் இந்தச் சட்டத்தால் பார்க்க முடிகிறது. முன்வராதவரிடம் இருக்கும் துப்பாக்கியையும், அவர் ஏன் அதை வைத்திருக்கிறார் என்பதையும் பார்க்க அதனிடம் வழி இல்லை.

எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்பதில் ஆரம்பிக்கிறேன். 2016 டிசம்பர் வரையிலான மத்திய உள்துறைக் கணக்குப்படி நாடு முழுவதும் நடப்பில் இருந்த லைசென்ஸ் சுமார் 33.7 லட்சம். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம், தமிழ்நாடு முழுக்கச் சேர்த்தும் 22 ஆயிரத்துச் சொச்சம்தான். ஜெனீவாவில் இருக்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், இந்தியாவில் பொதுமக்கள் கையில் இருப்பது 7.11 கோடி துப்பாக்கி, அதில் பதிவானது 97 லட்சம். மதிப்பீடுதான், எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல. அதில் பாதியை எடுத்துக்கொண்டாலும் பதிவானதை விடப் பதிவாகாதது சில மடங்கு அதிகம். இன்னொன்றையும் கவனியுங்கள், பதிவான துப்பாக்கியின் எண்ணிக்கையே 33 லட்சம் லைசென்ஸ், 97 லட்சம் துப்பாக்கி என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கிறது. அப்போது ஒரு லைசென்ஸில் மூன்று வரை இருக்கலாம் என்பதை வைத்து இதை ஓரளவு சமாளிக்கலாம், ஆனாலும் நாடு முழுக்க ஒரே பட்டியல் என்று ஒன்று ரொம்ப காலமாக இல்லை என்பதுதான் உண்மை. ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தனி எண் கொடுத்துக் கணினியில் ஏற்றும் தேசிய தரவுத்தளம் வந்ததே போன பத்தாண்டில்தான். எண் வாங்காத லைசென்ஸ் செல்லாது என்று கெடு வைத்து, அந்தக் கெடுவையும் தள்ளிவைத்துத்தான் வேலையை நகர்த்தினார்கள்.

தமிழ்நாட்டுக்கு 22 ஆயிரம் என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. கொங்கு மாவட்டங்களுக்கு அதில் ஒரு பங்குதான். நிஜமாகவே இங்கே துப்பாக்கிக் கலாச்சாரம் கிடையாது, தகராறு என்றால் இங்கே அரிவாள்தான் வரும், துப்பாக்கி வராது. அதனால் நமக்கு இதில் பிரச்சினையே இல்லை என்று நினைத்துவிட முடியாது. மேற்கு, கிழக்கு மலைத்தொடர்களின் அடிவாரம், சத்தியமங்கலம், தாளவாடி, அந்தியூர், பர்கூர், அந்தப் பக்கம் மேட்டூர், பென்னாகரம், இந்தப் பக்கம் கொல்லிமலை, ஏற்காடு என்று மலையை ஒட்டிய ஊர்களில் "கேட்பாரற்றுக் கிடந்த நாட்டுத் துப்பாக்கி மீட்பு" என்ற செய்தி நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

அந்த நாட்டுத் துப்பாக்கியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், கட்டுப்பாடு ஏன் கைக்குச் சிக்குவதில்லை என்பது அதைப் பார்த்தால்தான் புரியும். போலீஸ் ஆவணத்தில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதுவார்கள், ஒற்றைக் குழல், வாய் வழியாக மருந்து நிரப்புவது. ஒரு ஆள் தோள் உயரத்துக்கு இரும்புக் குழாய், கையால் செதுக்கிய கட்டை, கட்டையையும் குழாயையும் சேர்த்து இரண்டு மூன்று இடத்தில் தகடோ கம்பியோ சுற்றியிருக்கும். குதிரை என்று சொல்லும் அந்தச் சுத்தியல் பாகம் மட்டும் கொஞ்சம் பதமான இரும்பு. கருமருந்தை வாய் வழியாகக் கொட்டி, தேங்காய் நாரோ துணியோ வைத்துக் கம்பியால் இடித்து, மேலே பால்ரஸ் குண்டு போடுவார்கள், சைக்கிள் கடையில் கிடைக்கும் அதே பால்ரஸ். மழையில் நனைந்தால் வெடிக்காது. குழாய் தரமில்லாததாக இருந்தால் சுடுகிறவன் கையோடும் முகத்தோடும் வெடிக்கும். அதில் எண் கிடையாது, முத்திரை கிடையாது, தயாரித்தவர் பெயர் கிடையாது.

தொழிற்சாலையில் செய்த ரைஃபிளின் குழலுக்குள் திருகு வரிகள் இருக்கும். குண்டு வெளியே வரும்போது அந்த வரி அதன் மேல் கீறலாகப் பதியும், காலித் தோட்டாவில் ஊசி குத்திய தடமும் இருக்கும். இதை வைத்துத்தான் தடயவியல்காரர்கள் இந்தக் குண்டு இந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். நாட்டுத் துப்பாக்கிக்குள் வரியே இல்லை, வழவழப்பான குழாய். காலித் தோட்டா என்று எதுவும் கீழே விழுவதும் இல்லை. பால்ரஸ் குண்டில் எந்தக் குழாய்க்கான அடையாளமும் இருக்காது. ராத்திரி வேட்டையில் பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்டுவிட்டு எல்லாரும் கலைந்து ஓடிவிட்டால், யார் கையில் இருந்த எந்தத் துப்பாக்கி என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். இறந்தவரின் வீட்டுக்கு நீதி கிடைப்பதுகூட யாராவது வாயைத் திறப்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

சரி, இதை யார் எதற்கு வைத்திருக்கிறார்கள்? சாராயம், சந்தனம், மான் கறி விற்பனை என்று சட்டவிரோதத் தொழிலுக்காக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கறிக்காக முயலும் பன்றியும் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மலையடிவாரத்தில் மக்காச்சோளம், நிலக்கடலை, மரவள்ளி போட்டிருக்கும் ஒரு குடியானவரிடம் பேசினால் வேறொரு கணக்கு வரும். "பன்னிக்கூட்டம் ஒரு ராத்திரி உள்ள பூந்துச்சுனா காலைல காட்டுல ஒன்னுமே இருக்காதுங்க" என்பார்கள். கூட்டமாக வரும், தின்பதை விட உழுது போடுவது அதிகம். நாலு மாசம் தண்ணி பாய்ச்சி, உரம் வைத்து, கடனும் வாங்கி வைத்த வெள்ளாமை ஒரே ராத்திரியில் போகும். தகரத்தைத் தட்டுவது, பழைய சேலையை வேலியாகக் கட்டுவது, ராத்திரி முழுக்கப் பரண் மேல் உட்கார்ந்து கத்துவது எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் வேலை செய்யும், பன்றி பழகிவிடும்.

இதைச் சட்டம் எழுதியவர்களும் யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியமான விஷயம். 1959 சட்டத்தின் 13-ஆம் பிரிவிலேயே, பயிர்ப் பாதுகாப்புக்காக நிஜமாகத் தேவைப்பட்டால் வாய் வழியாக மருந்து நிரப்பும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் பர்கூரிலிருந்து ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். இணையத்தில் மனு, கலெக்டர் அலுவலகம், காவல்துறை விசாரணை அறிக்கை, வருவாய்த்துறை அறிக்கை, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்று, வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைக்க இடம் இருக்கிறது என்று உறுதிமொழி. மலையில் பலருக்கு நிலத்துக்கே முறையான பட்டா இல்லை, பயிர்ப் பாதுகாப்பு என்று கேட்டால் "பயிர் எந்த சர்வே எண்ணில்?" என்ற முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். அதற்கு மேல், லைசென்ஸ் கையில் இருந்தாலும் காட்டுப்பன்றியைச் சுட முடியாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒரு சட்டம் துப்பாக்கி வாங்க அனுமதிக்கிறது, இன்னொரு சட்டம் அதைப் பயன்படுத்தத் தடுக்கிறது. இரண்டு சட்டத்துக்கும் அதனதன் நியாயம் உண்டு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் மாட்டுகிறவர் கொல்லுப்பட்டறையைத் தேடிப் போய்விடுகிறார்.

துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டால் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் அடுத்து என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். துப்பாக்கிக்குக் கெடுபிடி வந்த இடத்தில் கரன்ட் வேலி வருகிறது. இரும்புக் கம்பியை மின்கம்பத்திலிருந்து நேராக இழுத்து வயலைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். அது பன்றியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்லாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் ஒரே ராத்திரியில் செத்தன. வேலிக்குக் குறுக்கே போன மனிதர்கள் செத்த சம்பவங்களும் உண்டு, சில சமயம் வேலி போட்டவரே மாட்டுகிறார். அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த அரசு தனி விதிகளே கொண்டுவர வேண்டி வந்தது.

இன்னொரு மாற்று, அவுட்டுக்காய். பழத்துக்குள்ளோ மாவு உருண்டைக்குள்ளோ வெடிமருந்தை வைத்துப் போட்டுவிடுவார்கள். பன்றி கடித்தால் வாய் சிதறும். யானைக் குட்டி கடித்தாலும், மேய வந்த மாடு கடித்தாலும் அதேதான். தாடை உடைந்த யானை தின்ன முடியாமல், தண்ணி குடிக்க முடியாமல் நாள் கணக்கில் அலைந்து சாகும். கோயம்புத்தூர் வனக்கோட்டத்தில் வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால் இதைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். துப்பாக்கி வைத்திருப்பவனையாவது கையும் களவுமாகப் பிடிக்கலாம், அவுட்டுக்காய் போட்டவன் அது வெடிக்கும்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். ஒரு கருவியை மட்டும் குறிவைக்கும் கொள்கை, தேவையை அப்படியே விட்டுவிட்டால், அந்தத் தேவை இதைவிட மோசமான கருவிக்குப் போய்விடும். இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய ஆதங்கம் உண்டு, ஏனென்றால் துப்பாக்கி மீட்பைக் காவல்துறை ஒரு வெற்றியாகச் சொல்லும் அதே ஆண்டில், அவுட்டுக்காய் வழக்கு வனத்துறையின் தனிக் கோப்பில் ஏறுகிறது, இரண்டு கோப்பையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

தயாரிப்பைத் தடுக்கலாமே என்று கேட்கலாம். கோயம்புத்தூரைச் சுற்றி இருப்பவர்களுக்கு இதன் சிரமம் உடனே புரியும். கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் பக்கம் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. பம்புக்கும் மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் பாகம் கடைந்து நாட்டுக்கே அனுப்பும் ஊர். குழாயும் கடைசலும் வெல்டிங்கும்தான் இந்த ஊரின் சோறு. அதற்கு லைசென்ஸ் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. உலகத்திலேயே துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையாக இருக்கும் நாடுகளில் ஒன்று ஜப்பான். அங்கேயே 2022 ஜூலை 8 அன்று முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைக் கொன்றது கடையில் வாங்கிய துப்பாக்கி அல்ல, இரண்டு குழாயை வைத்து வீட்டில் செய்துகொண்டது. இத்தனைக்கும் ஜப்பானின் சட்டம் தோற்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், அங்கே துப்பாக்கிச் சாவு ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். குழாயைத் தடுக்க முடியாது என்பதுதான் அதிலிருந்து கிடைக்கும் பாடம்.

அப்படியென்றால் பிடி எங்கே இருக்கிறது? என் பார்வையில் மருந்தில் இருக்கிறது. குழாயை யாரும் கடையலாம், கருமருந்து இல்லாமல் அது வெறும் குழாய். வெடிமருந்துக்கு 1884-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, 2008 விதிகள் இருக்கின்றன, இருப்புப் பதிவேடு, வாங்கியவர் பெயர், பயன்படுத்திய அளவு எல்லாம் எழுத வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் காரணம்பேட்டை, சங்ககிரி என்று கல்குவாரிகள் நிறைந்த பகுதி இது, கிணறு வெட்ட வெடி வைப்பதும் இங்கே நெடுநாள் பழக்கம், கோயில் நோம்பி என்றால் வாண வேடிக்கை இல்லாமல் நடக்காது. இத்தனை வழியில் மருந்து புழங்கும் ஊரில் பதிவேட்டில் எழுதியதும் உண்மையில் செலவானதும் ஒன்றுதானா என்று போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. 2024 அக்டோபரில் திருப்பூர் பாண்டியன் நகரில், குடியிருப்புப் பகுதியில் இருந்த ஒரு வீட்டிலேயே கோயில் திருவிழாவுக்கான வெடி தயாரித்து, அது வெடித்துக் குழந்தை உட்பட உயிர்கள் போயின. அது துப்பாக்கி வழக்கு அல்ல, தெரியும். ஆனால் வெடிமருந்து எவ்வளவு எளிதாகத் தெருவுக்குள் வந்துவிடுகிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். காட்டுக்குள் துப்பாக்கியைத் தேடி அலைவதற்குச் செலவாகும் நேரத்தில் ஒரு பகுதியை மருந்து இருப்பைச் சரிபார்ப்பதற்குச் செலவிட்டால் பலன் அதிகம் கிடைக்கும்.

காவல்துறை செய்யும் முக்கியமான முயற்சி, தானாக ஒப்படைக்கச் சொல்வது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது பல தடவை நடந்திருக்கிறது. மலைக்கிராமத்தில் கூட்டம் போட்டு, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, இந்தத் தேதிக்குள் ஒப்படைத்தால் வழக்கு இல்லை, நேரில் வரப் பயமாக இருந்தால் கோயில் முன்போ பொது இடத்திலோ வைத்துவிட்டுப் போங்கள், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். துப்பாக்கிகள் வரும். நிலையத்தின் முன் ஜமக்காளம் விரித்து வரிசையாக அடுக்கிப் படம் எடுத்து நாளிதழுக்குக் கொடுப்பார்கள். நல்ல வேலைதான், ஒரு துப்பாக்கி குறைந்தாலும் ஒரு விபத்து குறையும். ஆனால் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தால் பாதித் துப்பாக்கி துருப்பிடித்து, குதிரை உடைந்து, கட்டை செல்லரித்துக் கிடக்கும். பழசை ஒப்படைத்து நல்லதை வைத்துக்கொள்வது மனித இயல்பு. அடுத்த பருவத்துக்குள் புதுசு செய்துகொள்ளவும் முடியும்.

பணம் கொடுத்து வாங்கலாமே என்றால், ஆஸ்திரேலியா அதைத்தான் செய்தது. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின் விதிகளை மாற்றி, சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை அரசே விலை கொடுத்து வாங்கி அழித்தது. அங்கே அது நடந்ததற்குக் காரணம், அவை பெரும்பாலும் இறக்குமதியான, கடையில் வாங்கிய, விலை தெரிந்த துப்பாக்கிகள், தீவு நாடு வேறு, புதிதாக உள்ளே வருவதைத் துறைமுகத்திலேயே நிறுத்தலாம். நாட்டுத் துப்பாக்கிக்கு அரசு விலை நிர்ணயித்தால் அந்த விலைக்கு விற்பதற்கென்றே புதிதாகச் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். செய்யும் செலவு அவ்வளவு குறைவு. அதனால் ரொக்கம் கொடுக்கும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. வேலி கொடுக்கலாம். துப்பாக்கியை ஒப்படைக்கும் கிராமத்துக்குச் கொல்லாமல் அதிர்ச்சி மட்டும் கொடுக்கும் சூரிய மின்வேலிக்கு மானியத்தில் முன்னுரிமை, பயிர்ச்சேத இழப்பீட்டு மனுவை அதே கூட்டத்தில் அங்கேயே வாங்கிக்கொள்வது என்று வைத்தால், ஒப்படைப்பவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

இந்த மலையில் சீருடையைக் கண்டால் இருக்கும் பயத்தையும் கணக்கில் எடுக்காமல் இதைப் பேச முடியாது. வீரப்பன் இருந்த காலம் முழுக்க இந்தக் கிராமங்கள் இரண்டு பக்கத் துப்பாக்கிக்கும் நடுவில் இருந்தன. 1993-இல் பாலாற்றுக் கண்ணிவெடி, 2000-இல் தாளவாடி பக்கம் தொட்டகாஜனூரிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தல், 2004 அக்டோபர் 18-இல் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதோடு எல்லாம் முடிந்தது. அதற்குள் அவரைப் பிடிக்க அமைத்த அதிரடிப்படை விசாரணை என்று கூட்டிக்கொண்டு போய்ச் சித்திரவதைக்கு ஆளானவர்கள் எத்தனையோ பேர். தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்து விசாரித்து, 2007-இல் 89 பேருக்கு நிவாரணம் கொடுக்கச் சொன்னது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்து வளர்ந்தவர் இன்றைக்குத் துப்பாக்கியோடு நிலையத்துக்கு நடந்து வந்து "இது என்னுதுங்க" என்று சொல்வாரா? வழக்கு இல்லை என்ற வாக்குறுதியை இன்ஸ்பெக்டர் சொன்னால் நம்புவதும் கடினம், அவர் அடுத்த ஆண்டு மாற்றலாகிப் போய்விடுவார். ஊர்ப் பெரியவர், பள்ளி ஆசிரியர், பழங்குடி சங்கக்காரர்கள் நடுவில் நின்றால்தான் ஓரளவு நடக்கும். எல்லை தாண்டினால் கர்நாடகம், அங்கே வேறு காவல்துறை, வேறு வனத்துறை. 2023 பிப்ரவரியில் பாலாற்றுப் பக்கம் கர்நாடக வனத்துறை சுட்டதில் மேட்டூர் கோவிந்தபாடியைச் சேர்ந்த ஒருவர் இறந்தார், வேட்டைக்கு வந்தவர்கள் என்று அவர்கள் சொன்னார்கள், மீன் பிடிக்கப் போனவர் என்று ஊர் சொன்னது. இப்படி ஒன்று நடந்தால் பல ஆண்டு சேர்த்த நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும்.

பிடித்த பின்னாலும் வழக்கு லேசாக நடப்பதில்லை. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்த வழக்கில் மாவட்ட நடுவரின், அதாவது கலெக்டரின், முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது என்று சட்டத்தின் 39-ஆம் பிரிவு சொல்கிறது. கைப்பற்றியது சுடக்கூடிய துப்பாக்கிதான் என்று தடயவியல் நிபுணர் சான்று தர வேண்டும். மகஜரில், அதாவது கைப்பற்றியதை எழுதிய பதிவில், கையெழுத்துப் போட்ட சாட்சி நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். சின்ன ஊரில் பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிராக யார் சாட்சி சொல்வார்கள்? இவ்வளவும் சரியாக அமைவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். அதனால்தான் கேட்பாரற்றுக் கிடந்தது என்று எழுதித் துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொள்வது நிலையத்துக்கும் எளிது, ஊருக்கும் எளிது. தண்டனையை 2 ஆண்டிலிருந்து 5 ஆக்கினாலும் 10 ஆக்கினாலும் வழக்கே உருவாகாத இடத்தில் அதனால் எதுவும் மாறப் போவதில்லை.

லைசென்ஸ் பக்கத்திலும் ஓட்டை இல்லாமல் இல்லை. ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை வழங்கிய லைசென்ஸ்களில் 2.78 லட்சத்துக்கும் மேல் முறைகேடாக, வெளிமாநிலத்தவருக்கெல்லாம் போயிருக்கிறது என்று சி.பி.ஐ. விசாரித்தது. ஒரு மாநிலத்தில் யாரோ காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் மற்ற மாநிலத்தில் எவ்வளவு ஒழுங்காக விசாரித்தும் பயனில்லை. நம் பக்கத்தில் அந்த அளவுக்கு இல்லை. இங்கே இருக்கும் சிக்கல் வாரிசுத் துப்பாக்கி. தாத்தா பேரில் லைசென்ஸ், தாத்தா போய்ச் சேர்ந்து பல வருஷம், பேரன் பெங்களூரில், துப்பாக்கி பரண் மேலோ பீரோவுக்குள்ளோ. வைத்திருப்பதே குற்றம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு போனால் ஏதாவது கேஸ் ஆகிவிடுமோ என்று பயம். அப்படி வீட்டில் துப்பாக்கி இருந்தால் செய்ய வேண்டியது எளிது. நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றால் வாரிசுக்குப் பெயர் மாற்ற மனுக் கொடுக்கலாம், வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். தாமதிக்கத் தாமதிக்கத்தான் பதில் சொல்வது கஷ்டமாகும்.

வெளிநாடு என்றால் எல்லாரும் அமெரிக்காவைத்தான் இழுப்பார்கள். அங்கே நம் பிரச்சினைக்கு நேர் எதிரானது இருக்கிறது, சுமார் 39 கோடி துப்பாக்கி, 1791 முதல் அரசியலமைப்பிலேயே உரிமை, கடையில் வாங்கினால் பின்னணி விசாரணை உண்டு, பல மாநிலங்களில் தனியாள் தனியாளுக்கு விற்றால் அதுவும் இல்லை. யாரிடம் எந்தத் துப்பாக்கி என்று மத்திய அரசு பதிவேடு வைக்கக் கூடாது என்று 1986-இல் சட்டமே போட்டுக்கொண்டார்கள். கனடா வேறு மாதிரி தடுமாறியது. 1995-இல் நீளத் துப்பாக்கி எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொன்னார்கள், நிகரச் செலவு 20 லட்சம் டாலர்தான் ஆகும் என்றார்கள், கடைசியில் 100 கோடி டாலரைத் தாண்டியது, 2012-இல் திட்டத்தையே கைவிட்டார்கள். பதிவேடு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. கிராமத்துக்காரரும் பழங்குடியினரும் எதற்கு இது என்று கேட்டபோது பதில் சொல்லாமல் நடத்தியதால் ஆதரவு போய்விட்டது.

பக்கத்திலேயே குடகு இருக்கிறது. அங்கே கொடவர்களுக்கும், ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸ் எடுப்பதிலிருந்தே விலக்கு, பிரிட்டிஷ் காலத்திலிருந்து வருவது, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள், 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதை இங்கே கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. விலக்குக்கு அவர்கள் சான்று வாங்கி வைத்திருக்கிறார்கள், யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று நிர்வாகத்துக்குத் தெரியும், அது ஒன்றுதான் நாம் கவனிக்க வேண்டியது. கேரளம் 2022-இல் இன்னொரு வழியில் போனது. உள்ளாட்சித் தலைவர்களுக்கே அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் வைத்திருப்பவர்களை வைத்துப் பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அனுமதித்தார்கள். சில பஞ்சாயத்துகளில் நடந்தது, பல இடத்தில் சுடத் தெரிந்த, லைசென்ஸ் உள்ள ஆளே கிடைக்கவில்லை.

தமிழ்நாடு 2025 ஜனவரியில் எடுத்த முடிவு இதைவிட நிதானமானது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கிலோமீட்டருக்கு வெளியே வந்தால் வனத்துறையே சுடும். விவசாயி கையில் துப்பாக்கி கொடுக்காமல், அதே சமயம் பன்றிக்கு ஒரு பதில் சொல்லப் பார்க்கும் ஏற்பாடு, எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் சேதம் மிக அதிகமாக இருப்பது அந்த முதல் ஒரு கிலோமீட்டரில்தான், நாட்டுத் துப்பாக்கி அதிகம் இருப்பதும் அங்கேதான். அந்த வட்டத்துக்குள் சுட வேண்டாம், சரி, அப்படியென்றால் அங்கே வேலியும் இழப்பீடும் மற்ற இடத்தைவிட வேகமாகப் போய்ச் சேர வேண்டும். இழப்பீட்டு மனுவுக்கு வி.ஏ.ஓ., வேளாண்துறை, வனத்துறை என்று மூன்று பேர் தனித்தனி நாளில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்குள் அடுத்த போகம் வந்துவிடுகிறது. மூவரும் ஒரே நாளில் வயலுக்கு வரட்டும், சேதத்தை எழுதட்டும், முப்பது நாளில் பணம் ஏறட்டும். அடுத்த தடவை மலைக்கிராமத்தில் துப்பாக்கி ஒப்படைப்புக் கூட்டம் போடும் எஸ்.பி., தன் பக்கத்து நாற்காலியில் மாவட்ட வன அலுவலரையும் உட்கார வைத்து, போன போகத்தில் அந்த ஊருக்கு வர வேண்டிய இழப்பீட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கட்டும்.